வீட்டுக்குள் ஒரு சபா – 9: ராகத்துக்கு முன்னால் பல்லவியா?

சென்ற வாரம் சிடிகளை ஃபிளாக் கோப்புகளாக மாற்றினோம். ஒரு மணி நேர சிடி சுமார் 635 எம்பி. ஃபிளாக்கில் ஏறக்குறைய பாதி, ஒலியில் துளியும் குறையாது.

இந்த வாரம் எந்த மியூசிக் சர்வரை வாங்குவது என்று பார்க்க வேண்டும். பாட்டுகளையெல்லாம் வைத்துக்கொண்டு வீட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கணினி அது. ஃபோனில் தொட்டால் ஹாலில் பாடும். கடையில் பிராசஸர், பவர் சப்ளை, அலுமினிய கேபினட் என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: இந்த சர்வரில் ராகத்தின் பெயரைச் சொல்லித் தேட முடியுமா?

நண்பர் ஒருவர் வீட்டில் அழகான சர்வர் இருக்கிறது. ஒரு தோடி ராகம் தானம் பல்லவியைப் போடச் சொன்னேன். பல்லவிதான் முதலில் வந்தது! கோப்புகளில் வரிசை எண் இல்லை. சர்வர் ஆங்கில அகரவரிசையில் அடுக்கிவிட்டது. தமிழில் பெயர் எழுதியிருந்தால் தானம், பல்லவி, ராகம் என்று வந்திருக்கும். அதுவும் தவறு. முக்கால் மணி நேரம் ஒருவர் கட்டி எழுப்பியதை அகரவரிசை கலைத்துப் போடுகிறது.

ஏன் இப்படி என்று தேடப்போய், இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்துவைத்துக்கொண்ட விஷயம் கிடைத்தது. 1996ல் எரிக் கெம்ப் என்பவர் எம்பி3 கோப்பின் கடைசியில் 128 பைட் விவரத்தை ஒட்டிவைக்கும் முறையை உண்டாக்கினார். பெயர் ஐடி3. பாட்டின் பெயருக்கு 30 பைட், பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருடத்துக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு 1. மீதி 3, ‘இங்கே விவரம் இருக்கிறது’ என்று காட்டும் அடையாளம். வரிசை எண்ணுக்கு இடமே இல்லை! மறு வருடம் மைக்கேல் முட்ச்லர், குறிப்புப் பகுதியிலிருந்து 2 பைட்டை எடுத்து எண்ணுக்கு இடம் கொடுத்தார்.

முதலில் வந்த இசை வகைகள் 80. அதில் போல்கா உண்டு, குறும்பு ஒலிகளுக்குக்கூட ஓர் எண் உண்டு. கர்நாடக சங்கீதம் கிடையாது. பெயர்களைத் தமிழில் எழுதவும் இடம் பற்றாது. தமிழ் யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் கேட்கும். ‘தியாகராஜர்’ என்று எழுதிப் பாருங்கள்: 10 குறியீடுகள், சரியாக 30 பைட். அவரோடு இடம் தீர்ந்தது. முத்துசுவாமி தீட்சிதருக்கு இடம் போதாது. பாடியவர், வயலின், மிருதங்கம், இயற்றியவர், ராகம், தாளம் என்று ஒரு கீர்த்தனைக்கு நாம் கேட்கும் விவரம் அந்த 128 பைட் சட்டத்துக்குள் எங்கே அடங்கும்?

ஃபிளாக் அந்தச் சட்டத்தை உடைத்தது. அதன் விவரப் பகுதி தொடக்கத்திலிருந்தே யூடிஎஃப்-8. தலைப்புகளை நாமே வைத்துக்கொள்ளலாம். ‘ராகா’ என்று ஆங்கில எழுத்தில் ஒரு தலைப்பு வைத்து, எதிரே தமிழில் ‘தோடி’ என்று எழுதலாம். பக்கவாத்தியக்காரர்கள் எத்தனை பேரோ அத்தனை வரி. எம்பி3டேக் என்ற மென்பொருளில் ஒரு ஆல்பத்துக்கே மொத்தமாகப் போட்டுவிடலாம்.

இதையெல்லாம் எழுதிவைத்தால் படிக்கும் சர்வர் வேண்டுமே. மினிம்சர்வர் என்ற சர்வர் மென்பொருளின் அமைப்புகளில் நம் தலைப்புகளைக் குறிப்பிட்டால் போதும். மெனுவில் ராகங்கள் வரிசையாக நிற்கும். லிரியான் என்ற இன்னொரு மென்பொருளுக்கு ஒரு கதையே உண்டு. ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனத்தின் மென்பொருள் அது. 2006ல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2012ல் அந்த மென்பொருளோடு இயங்கிய ஸ்குவீஸ்பாக்ஸ் கருவிகளை நிறுத்தியது. மூலநிரல் திறந்திருந்ததால் ஆர்வலர்கள் விடவில்லை. 2024ல் லிரியான் என்று புதுப் பெயரும் வைத்தார்கள். இலவசம். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியிலேயே ஓடும். நிறுவனம் கைவிட்டாலும் பிழைக்கிற மென்பொருளை நம்பித்தான் ஆயுள்காலச் சேகரிப்பை ஒப்படைக்க வேண்டும். சந்தா கட்டி வாங்கும் ரூன் என்ற மென்பொருள் பெரும்பாலும் தன் தகவல் களஞ்சியத்தைக் கொண்டு பாட்டுகளை அலங்கரிக்கும். அதற்குத் தெரியாத சபா வெளியீடுகளுக்கு நாம் எழுதிவைத்ததே துணை.

ஆகவே மென்பொருளை முதலில் முடிவு செய்யுங்கள். பெட்டி அதற்குப் பின்னால். வீட்டிலிருக்கும் பழைய லேப்டாப்பில் மினிம்சர்வரையும் லிரியானையும் போட்டு, ஒரே ஒரு ராகம் தானம் பல்லவியை ஓடவிடுங்கள். வரிசை சரியா, ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் இடைவெளி விழுகிறதா என்று கவனியுங்கள். அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது, ஃபேன் இல்லாத பெட்டிக்கு எவ்வளவு செலவழிக்கலாம், ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா: மூன்றும் அடுத்த வாரம்.