வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வண்டியும் வாழ்வும்

கொழும்பு மாநகரின் தென்கோடியிலே, காலி வீதியின் இரு மருங்கிலும் பரந்து கிடப்பது வெள்ளவத்தை. மேற்கே கடல், கடலை ஒட்டிப் புகையிரதப் பாதை, அதனை ஒட்டி மரைன் டிரைவ் எனப்படும் கடற்கரை வீதி. கிழக்கே பாமன்கடையை நோக்கிச் செல்வது டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை. முன்னாளில் ஹை ஸ்ட்ரீட் என வழங்கிய அவ்வீதி, அங்கு வாழ்ந்த சிங்கள நாவலாசிரியரின் பெயரை இன்று தாங்கி நிற்கிறது. காலி வீதியிலிருந்து சீப்பின் பற்களைப் போல இரு புறமும் பிரிந்து செல்வன ஒழுங்கைகள். வெள்ளவத்தையின் குடிவாழ்வு பெரும்பாலும் இவ்வொழுங்கைகளிலேயே நடைபெறுகின்றது.

இவை வகுக்கப்பட்ட காலத்தில் ஒரு காணிக்கு ஒரு வீடு. முன்னே சிறு தோட்டம். மோட்டார் வண்டி வைத்திருந்தோர் சிலரே. 1983 ஆம் ஆண்டின் பின் தொடர்ந்த போர்க்காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல இங்கு வந்து தங்கின. வீடிருந்த இடத்தில் தொடர்மாடி எழுந்தது. ஒரு குடும்பம் இருந்த காணியில் பன்னிரண்டு குடும்பங்கள் குடியேறின. காணி மேல்நோக்கி வளர்ந்ததேயன்றி, ஒழுங்கை ஓர் அடியேனும் அகலவில்லை. இன்று அங்கு வாழ்வோர் படும் இடர்களுட் பல இதிலிருந்தே தோன்றுவன.

இதனைச் சிறு கணக்கினால் விளக்கலாம். இருபது அடி அகலமான ஓர் ஒழுங்கையை எடுத்துக்கொள்வோம். மோட்டார் வண்டி ஒன்றின் அகலம் ஏறக்குறைய ஆறு அடி. மதிலில் உரசாதிருக்க அரை அடி விட்டு இரு புறமும் வண்டிகளை நிறுத்தினால், நடுவே எஞ்சுவது ஏழு அடி. தீயணைப்பு வண்டியின் அகலமோ எட்டு அடிக்குச் சற்றுக் கூட. ஆகவே, இரு புறமும் வண்டி நிற்கும் ஒழுங்கைக்குள் தீயணைப்பு வண்டி நுழைய முடியாது. ஒரு புறம் மட்டும் நின்றால் அது தாராளமாகச் செல்லும். மேலும், உயர்ந்த மாடிகளை எட்டும் ஏணி வண்டி நிலைத்து நிற்பதற்குத் தன் இரு புறமும் இரும்புக் கால்களை நீட்டி ஊன்ற வேண்டும். ஐந்தாம் மாடியில் தீப்பற்றும்போது கீழே அந்த இடம் இருக்குமா, இராதா என்பது, அன்று மாலை வேலை முடிந்து வந்தவர் வண்டியை எங்கே விட்டார் என்பதைப் பொறுத்தது.

ஒழுங்கையின் வாயிலுக்கு இன்னும் கூடிய கவனம் வேண்டும். நீண்ட வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரம் சென்ற வழியே செல்லாமல் உட்புறமாகவே வரும். ஆதலால் மூலையில் நிற்கும் ஒரு சிறு வண்டி, முழு ஒழுங்கையையும் அடைத்துவிடும். “ஐந்து நிமிடந்தானே” என்று கடைக்குச் செல்வோர் பெரும்பாலும் நிறுத்துவது இந்த மூலையிலேதான்.

வழிமறித்து நிறுத்துதல் சட்டப்படி குற்றமே. ஆயினும் இரவு பதினொரு மணிக்கு ஒழுங்கைக்குள் பொலிசார் நிற்பதில்லை, அயலார்தாம் இருப்பர். ஒழுங்கையிலுள்ளோர் கூடி, வண்டிகள் ஒரே புறத்தில் நிற்பதென முடிவு செய்துகொள்ளுதல் நன்று. வண்டியின் முன் கண்ணாடிக்குள் தொலைபேசி இலக்கத்தை எழுதி வைத்தல் மற்றொரு நல்ல வழக்கம். பிறர் படலையை மறிக்க நேர்ந்தால் ஒரு வார்த்தையில் அது தீரும். மறுமுனை அடைபட்ட ஒழுங்கையாயின் பின்புறமாகச் செலுத்தி உள்ளே விடுவது சிறந்தது. அவசரத்தில் நேரே வெளியேறலாம். வடிகானை மூடிய கொங்கிறீற்றுப் பலகையின்மேல் சக்கரத்தை ஏற்றலாகாது. அது உடைந்து கானுள் விழுந்தால், ஐப்பசி மழையில் வெள்ளம் புகுவது உடைத்தவரின் வீட்டிலும்தான். தென்னையின் கீழ் வண்டி விடுவோருக்கு அறிவுரை வேண்டுவதில்லை. அதைத் தேங்காயே சொல்லிவிடும்.

தம் வாயிலின் எதிரே பூச்சாடியையோ பழைய நாற்காலியையோ வைத்து இடம் பிடிப்போரும் உளர். தம் படலை திறக்க வழி கேட்பது நியாயம்; பொது வீதியைத் தம் முற்றமாக்குவது நியாயமன்று. தொடர்மாடிக்கு வரும் விருந்தினரின் வண்டிகளே பெரும்பாலும் வெளியே நிற்பன. ஆதலால் விருந்துக்கு அழைப்போர் வண்டி நிறுத்தும் இடத்தையும் சேர்த்தே சொல்லிவிடுதல் வேண்டும். திருமண நாட்களிலும் ஆடிவேல் காலத்திலும் பேருந்திலோ புகையிரதத்திலோ வருவோர்க்குத் துன்பம் குறைவு.

கடலை அண்டிய ஒழுங்கைகளில் வேறொரு பகையும் உண்டு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் உப்புத் துளிகள் வீடுகள்வரை வருவதால், வண்டியின் அடிப்பாகமும் சாளரக் கம்பிகளும் விரைவிலே துருப்பிடிக்கும். மேற்பூச்சைத் துடைப்பது மட்டும் போதாது. அடிப்புறத்தையும் நன்னீரால் கழுவுதல் வேண்டும். இதற்கஞ்சி வண்டிக்கு உறை போடுவோர் அதன் மடிப்புகளில் மழைநீர் தேங்குவதைக் கவனிப்பதில்லை. தெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு இத்தகைய சிறு நீரிலேயே பெருகுகின்றது. முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறையப் பத்து நாட்கள் போதும். 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 1,80,000 பேருக்கு மேற்பட்டோர் இந்நோயாற் பீடிக்கப்பட்டனர். நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டைகள் நீரின்றியும் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். ஆதலால் தேய்த்துக் கழுவுதல் அவசியம். நுளம்பு பெருக இடமளிப்பது 2007 ஆம் ஆண்டின் சட்டப்படி தண்டனைக்குரியது.

குப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 சித்திரைப் புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நகரத்தார் வெளியே வைத்த பைகளே அந்த மேடாயின. உக்கும் கழிவை வேறாகவும் உக்காததை வேறாகவும் வைத்தல், வண்டி வரும் காலையிலேயே வெளியே வைத்தல் என்னும் இரண்டையும் கடைப்பிடித்தால், காகமும் பூனையும் பை கிழித்து ஒழுங்கையை நாறடிக்க மாட்டா.

மாலையில் கடற்காற்று வாங்கச் செல்வோர் புகையிரதப் பாதையைக் கடக்க நேரும். அலையோசையில் வண்டியின் ஓசை கேளாது. அங்கே பாதை இரட்டை. ஒரு வண்டி சென்றவுடன் கால் வைத்தால், அது மறைத்திருந்த எதிர்த்திசை வண்டி வந்துவிடும். சிறுவரைக் கையிற் பிடித்துக்கொண்டு, இரு புறமும் பார்த்தே கடக்க வேண்டும்.

இனி, ஓர் இரவில் முதியவர் ஒருவருக்கு நெஞ்சு வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் நோயாளர் காவுவண்டி இலவசமாக வரும், தீயாயின் 110. காணிகள் பிரிந்து பிரிந்து வீட்டிலக்கங்கள் கோடும் எழுத்துமாகச் சிக்குண்ட இவ்வொழுங்கைகளில், இலக்கத்தை மட்டும் சொன்னால் சாரதி தேடி அலைவார். ஒழுங்கையின் பெயரையும், காலி வீதியில் அதன் வாயிலருகேயுள்ள கடை அல்லது கோவிலையும், அது கடற்புறமா மறுபுறமா என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். வீட்டார் ஒருவர் கைவிளக்குடன் ஒழுங்கை வாயிலில் நிற்க, மற்றொருவர் மின்தூக்கியைக் கீழே நிறுத்திக் கதவைத் திறந்து வைத்திருக்கட்டும். வழியில் நிற்கும் வண்டியின் கண்ணாடியில் தொலைபேசி இலக்கம் இருந்தால், உரியவரை எழுப்புவது மூன்றாமவரின் வேலை.