அச்சத்திற்கும் அளவுகோல் உண்டு

வகுப்பில் ஆசிரியர் ஒரு வினாவை எழுப்புகிறார். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவி ஒருத்திக்கு அதன் விடை நன்றாகத் தெரியும். கையை உயர்த்த நினைக்கிறாள். அதற்குள் நெஞ்சு படபடவென அடித்துக்கொள்கிறது, முகம் சூடேறுகிறது, நா வறண்டுபோகிறது. 'குரல் நடுங்கினால் எல்லாரும் சிரிப்பார்களே' என்ற எண்ணம் எழுகிறது. கை மேசையின் மேலேயே தங்கிவிடுகிறது. அதே விடையை வேறொரு மாணவர் கூறிப் பாராட்டுப் பெறுகிறார்.

ஓய்வு வேளையில் சிற்றுண்டிச்சாலையில் கூட்டமாக இருக்கும் என்பதால், அம்மாணவி பசியோடு நூல்நிலையத்திற்குச் சென்றுவிடுகிறாள். வாய்மொழிப் படைப்பு நடைபெறும் நாளன்று பள்ளிக்கே வருவதில்லை. 'அமைதியான பிள்ளை' என்று பலரும் அவளைப் பற்றிக் கூறுகின்றனர். அவள் உள்ளத்தில் நடக்கும் போராட்டம் எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை.

பிறர் தன்னைப் பார்த்து எடைபோடுவார்கள், இகழ்வார்கள் என்ற கடுமையான அச்சம் நீடித்து, ஒருவரின் அன்றாட வாழ்வையே முடக்கும்போது அதனைச் 'சமூகப் பதற்றக் கோளாறு' என்று உளநல மருத்துவர்கள் அழைக்கின்றனர். காய்ச்சல் கண்டால் வெப்பமானியைக் கொண்டு அளக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அச்சத்தை எவ்வாறு அளப்பது? அளந்த பின்னர் எவ்வாறு குணப்படுத்துவது?

கூச்சமும் கோளாறும்

கூச்சம் மனித இயல்பு. பேச்சுப் போட்டிக்காக மேடையேறும்போது கைகால்கள் நடுங்குவதும், புதிய பள்ளியில் முதல் நாள் பேசத் தயங்குவதும் நோய் அல்ல. பேசத் தொடங்கிய சில நிமிடங்களில் அந்த நடுக்கம் தணிந்துவிடும். சில நாள்களில் புதிய நண்பர்களும் கிடைத்துவிடுவர்.

சமூகப் பதற்றக் கோளாறு அவ்வாறு எளிதில் தணிவதில்லை. நிகழ்ச்சிக்குப் பல நாள்களுக்கு முன்பே அச்சம் தொடங்கிவிடுகிறது. நிகழ்ச்சி முடிந்த பிறகும் மனம் அதையே அசைபோடுகிறது. இந்நிலை ஆறு மாதங்களோ அதற்கு மேலோ நீடித்து, கல்வி, நட்பு, வேலை ஆகியவற்றைப் பாதிக்கிறதா என்பதை மருத்துவர்கள் முக்கியமாகக் கவனிக்கின்றனர். அமெரிக்காவில் இக்கோளாறு உடையவர்களுள் முக்கால் பங்கினருக்கு அது 8 வயதிற்கும் 15 வயதிற்கும் இடையே தொடங்குவதாகக் கண்டறியப்பட்டுள்ளது. எனவே, இது பெரியவர்களின் சிக்கல் மட்டுமன்று. பள்ளிப் பருவத்திலேயே முளைவிடும் சிக்கலாகும்.

இக்கோளாறு நெடுங்காலம் தனியாக அடையாளம் காணப்படவில்லை. உயரத்தைக் கண்டு அஞ்சுவோரும் விலங்குகளைக் கண்டு அஞ்சுவோரும் மனிதர் கூட்டத்திற்கு அஞ்சுவோரும் ஒன்றாகவே எண்ணப்பட்டனர். 1966ஆம் ஆண்டு இலண்டனில் ஐசக் மார்க்ஸ், மைக்கேல் கெல்டர் எனும் இரு மருத்துவர்கள், இவ்வகை அச்சங்கள் வெவ்வேறு வயதில் தொடங்குகின்றன என்பதைச் சுட்டிக்காட்டி, அவற்றைப் பிரித்துக் காட்டினர். 1980ஆம் ஆண்டு அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேட்டில் இவ்வச்சம் தனிக் கோளாறாக இடம்பெற்றது.

அச்சத்தை அளக்கும் முறை

பெயர் கிடைத்தால் மட்டும் போதாது. 'கொஞ்சம் பயமாக இருக்கிறது' என்று ஒருவர் கூறுவதும், 'மிகவும் பயமாக இருக்கிறது' என்று மற்றொருவர் கூறுவதும் எந்த அளவைக் குறிக்கின்றன? சிகிச்சைக்குப் பிறகு அச்சம் உண்மையிலேயே குறைந்ததா என்பதை எப்படி அறிவது? இதற்காக 1987ஆம் ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த உளநல மருத்துவர் மைக்கேல் லீபோவிட்ஸ் ஓர் அளவுகோலை வெளியிட்டார். அவர் பெயராலேயே அது 'லீபோவிட்ஸ் சமூகப் பதற்ற அளவுகோல்' என்று அழைக்கப்படுகிறது.

இவ்வளவுகோல் 24 சூழ்நிலைகளைக் கொண்டது. அவற்றுள் 13 சூழ்நிலைகள் பிறர் முன்னிலையில் ஒன்றைச் செய்வது பற்றியவை. பொது இடத்தில் உண்ணுதல், பிறர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுதுதல், கூட்டத்தின் முன் உரையாற்றுதல் ஆகியவை அவற்றுள் சில. எஞ்சிய 11 சூழ்நிலைகள் பிறரோடு பழகுவது பற்றியவை. அறிமுகமில்லாதவருடன் பேசுதல், வாங்கிய பொருளைக் கடையில் திருப்பிக் கொடுத்தல் போன்றவை இவ்வகையைச் சேரும்.

ஒவ்வொரு சூழ்நிலைக்கும் இரண்டு மதிப்பெண்கள் வழங்கப்படுகின்றன. முதல் மதிப்பெண் அச்சத்திற்கு உரியது. அச்சமே இல்லையெனில் 0. கடுமையான அச்சம் எனில் 3. இரண்டாம் மதிப்பெண் தவிர்ப்புக்கு உரியது. அச்சூழ்நிலையை ஒருபோதும் தவிர்ப்பதில்லை எனில் 0. பெரும்பாலும் தவிர்த்துவிடுவதாக இருந்தால் 3. கடந்த ஒரு வாரத்தை மனத்திற்கொண்டு விடை கூற வேண்டும். எல்லா மதிப்பெண்களையும் கூட்டினால் 0 முதல் 144 வரை வரும். பொதுவாக, 30 புள்ளிகளைத் தாண்டினால் கோளாறு இருக்கக்கூடும் என்றும், 60 புள்ளிகளைத் தாண்டினால் அச்சம் பல சூழ்நிலைகளுக்கும் பரவியிருக்கக்கூடும் என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். சிறுவர்களுக்கும் இளையோருக்கும் ஏற்ப மாற்றி அமைக்கப்பட்ட வடிவமும் பின்னர் உருவாக்கப்பட்டது.

அச்சத்தை மட்டும் அளக்காமல் தவிர்ப்பையும் ஏன் அளக்க வேண்டும்? ஒருவர் தொலைபேசியில் பேச மிகவும் அஞ்சுகிறார். ஆயினும், வேலையின் பொருட்டு நாள்தோறும் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அச்சத்திற்கு அவர் 3 புள்ளிகளும் தவிர்ப்புக்கு 0 புள்ளியும் பெறுவார். இன்னொருவர் விருந்துகளுக்குச் செல்வதையே விட்டுவிட்டார். 'எனக்கு அப்படியொன்றும் பயமில்லை' என்று அவர் கூறக்கூடும். அச்சத்தைச் சந்திக்காதவருக்கு அதன் அளவு எப்படித் தெரியும்? தவிர்ப்புக்கு அவர் பெறும் 3 புள்ளிகளே உண்மையை வெளிப்படுத்தும். அந்த அமைதியான மாணவியும் இத்தகையவளே. அவள் முகத்தில் அச்சம் தெரியவில்லை. அவள் வராத நாள்களில்தான் அது தெரிகிறது.

எனினும், ஒரு மதிப்பெண்ணை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யக்கூடாது. வெப்பமானி காய்ச்சல் இருப்பதைக் காட்டும். காய்ச்சலின் காரணத்தைக் கூறாது. அதுபோலவே, பயிற்சி பெற்ற நிபுணர் ஒருவர் நேரில் உரையாடி, வாழ்க்கைச் சூழலையும் அறிந்த பின்னரே இக்கோளாற்றை உறுதிப்படுத்துவார்.

அச்சம் ஏன் அகல்வதில்லை?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. இருளுக்கு அஞ்சுபவன் விளக்கை ஏற்றிப் பார்த்தால் பேய் இல்லை என்பதை அறிந்துகொள்வான். ஆனால், சமூகப் பதற்றம் உடையவர்கள் நாள்தோறும் மனிதர்களைச் சந்திக்கிறார்கள். அப்படியிருந்தும் அவர்களின் அச்சம் ஏன் அகல்வதில்லை? இக்கேள்விக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர்கள் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995ஆம் ஆண்டு ஒரு விளக்கம் அளித்தனர்.

அச்சம் எழும்போது இவர்கள் எதிரில் இருப்பவரைக் கவனிப்பதில்லை, தங்களையே கவனிக்கின்றனர். நெஞ்சு எப்படி அடிக்கிறது, குரல் எப்படி ஒலிக்கிறது என்று உள்ளுக்குள்ளேயே பார்க்கின்றனர். தாம் உணரும் நடுக்கம் அப்படியே பிறருக்கும் தெரிகிறது என்று நம்பிவிடுகின்றனர். எதிரில் இருப்பவர் புன்னகை புரிந்தாலும் அது இவர்கள் கண்ணில் படுவதில்லை.

மேலும், தங்களைக் காத்துக்கொள்வதற்காகச் சில உத்திகளைக் கையாளுகின்றனர். கை நடுங்குவது தெரியாமலிருக்கக் குவளையை இறுகப் பிடிக்கின்றனர். அதனால் நடுக்கம் கூடுகிறது. வியர்வையை மறைக்கத் தடித்த மேலாடை அணிகின்றனர். வியர்வை மேலும் பெருகுகிறது. தவறின்றிப் பேசவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்திற்குள் ஒத்திகை பார்க்கின்றனர். உரையாடுபவரோ, 'இவருக்கு என்னிடம் பேச விருப்பமில்லை போலும்' என்று எண்ணிக்கொள்கிறார். காப்பதற்காகக் கட்டிய வேலியே பயிரை மேய்ந்துவிடுகிறது. தப்பித்தவறி எல்லாம் நன்றாக முடிந்தாலும், 'அந்த உத்தியால்தான் தப்பித்தேன்' என்று மனம் கூறுகிறது. பேய் இல்லை என்பது இறுதிவரை தெரியாமலேயே போய்விடுகிறது.

உண்மையில் பிறர் நம்மை எவ்வளவு கவனிக்கின்றனர்? அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்குச் சுவையான விடையைத் தருகிறது. மாணவர்களுக்கு வெட்கத்தை ஏற்படுத்தக்கூடிய வகையில், ஒரு பாடகரின் படம் அச்சிட்ட டி-சட்டையை அவர்களுக்கு அணிவித்து, பிறர் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினர். அறையில் இருந்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அப்படத்தைக் கவனித்திருப்பர் என்று அம்மாணவர்கள் எண்ணினர். கவனித்தவர்களோ ஏறத்தாழக் கால்வாசிப் பேர்தாம்.

சிகிச்சை முறை

கிளார்க் வகுத்த உளச்சிகிச்சை இவ்விளக்கத்தை அடிப்படையாகக் கொண்டது. சிகிச்சை பெறுபவர் தொடக்கத்திலேயே அறிமுகமில்லாத ஒருவருடன் இரண்டு முறை உரையாடுகிறார். ஒரு முறை வழக்கம்போல் தம்மையே கவனித்துக்கொண்டும், தம் காப்பு உத்திகளைக் கையாண்டும் பேசுகிறார். மறுமுறை அவ்வுத்திகளைக் கைவிட்டு, எதிரில் இருப்பவர் மீது கவனம் செலுத்திப் பேசுகிறார். ஒவ்வோர் உரையாடலுக்குப் பிறகும் எவ்வளவு பதற்றம் இருந்தது, பிறருக்கு எப்படித் தோன்றியிருப்போம் என்பதற்கு மதிப்பெண் வழங்குகிறார். காப்பு உத்திகள் இல்லாதபோதுதான் பதற்றம் குறைகிறது என்பதைப் பெரும்பாலோர் தாமே கண்டுகொள்கின்றனர்.

அடுத்து, அவ்வுரையாடல்களின் காணொளியைப் பார்க்கின்றனர். அதற்கு முன்னர், 'முகம் எவ்வளவு சிவந்திருக்கும்? குரல் எவ்வளவு நடுங்கியிருக்கும்?' என்று முன்கூட்டியே கூற வேண்டும். பிறகு, வேறொருவரைப் பார்ப்பதுபோல் தம்மையே திரையில் பார்க்க வேண்டும். மனத்தில் இருந்த உருவமும் திரையில் தெரியும் உருவமும் ஒன்றல்ல என்பதை உணரும்போது, அச்சத்தின் வேர் ஆட்டம் காண்கிறது.

அதன் பின்னர், அன்றாட வாழ்வில் சிறுசிறு சோதனைகள் செய்யப்படுகின்றன. பேசும்போது வேண்டுமென்றே இடையில் நிறுத்திப் பார்ப்பது, கடையில் சிறிது பானத்தைச் சிந்திப் பார்ப்பது போன்றவை அவை. 'எல்லாரும் சிரிப்பார்கள்' என்ற எதிர்பார்ப்பு முதலில் எழுதப்படுகிறது. நடந்தது என்ன என்பது பிறகு எழுதப்படுகிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் சிகிச்சை பெறுபவரே. வேறு சில சிகிச்சை முறைகளில், அச்சம் தரும் செயல்களை எளியது முதல் கடினமானது வரை படிகளாக வரிசைப்படுத்தி, ஒவ்வொரு படியாக ஏறுகின்றனர். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா?

இம்முறை உண்மையிலேயே பயன் தருகிறதா? 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இக்கோளாறு உடைய 60 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் மேற்கூறிய உளச்சிகிச்சையைப் பெற்றனர். மற்றொரு குழுவினர் ஃபுளுவாக்செட்டின் எனும் மருந்தை உட்கொண்டனர். மூன்றாம் குழுவினருக்கு மருந்தற்ற வெற்று மாத்திரை வழங்கப்பட்டது. இவ்விரு குழுவினரும் அஞ்சும் சூழ்நிலைகளைத் தாமாகச் சந்திக்கும் பயிற்சியையும் மேற்கொண்டனர். மூன்று குழுக்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால், உளச்சிகிச்சை பெற்ற குழுவே மற்ற இரண்டையும் விஞ்சியது. இத்தகைய சான்றுகளின் அடிப்படையில், 2013ஆம் ஆண்டு வெளியான இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி, பெரியவர்களுக்கு முதல் சிகிச்சையாக இவ்வகை உளச்சிகிச்சையையே பரிந்துரைத்தது. சிலருக்கு மருந்தும் தேவைப்படலாம். அதனை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இங்கும் அளவுகோல் துணை நிற்கிறது. சிகிச்சைக் காலத்தில் சுருக்கமான வினாநிரல்களைச் சிகிச்சை பெறுபவர் அவ்வப்போது நிரப்புகிறார். 17 வினாக்களைக் கொண்ட 'சமூக அச்ச வினாநிரல்' அவற்றுள் ஒன்று. மதிப்பெண் இறங்கினால் சிகிச்சை சரியான பாதையில் செல்கிறது என்று பொருள். இறங்காவிட்டால் சிகிச்சையை மாற்றி அமைக்க வேண்டும். 'எனக்கு எதுவும் மாறவில்லை' என்று மனம் சோர்ந்திருக்கும் நாளில், எட்டு வாரங்களுக்கு முன்பிருந்த மதிப்பெண்ணும் இன்றைய மதிப்பெண்ணும் அருகருகே நின்று உண்மையைக் கூறும்.

உதவி நாடுதல் இழுக்கன்று

சமூகப் பதற்றம் உடையவர்கள் உதவி கேட்கவும் அஞ்சுகின்றனர். மருத்துவரிடம் பேசுவதும் அறிமுகமில்லாத ஒருவரிடம் பேசுவதுதானே! அதனால் பலர் பல ஆண்டுகள் மௌனமாகவே துன்புறுகின்றனர். 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று குடும்பத்தினரும் விட்டுவிடுவதுண்டு. இடைநிலைப்பள்ளியில் உள்ள ஆலோசக ஆசிரியரிடம் முதலில் பேசலாம். நேரில் பேச இயலாவிட்டால், ஒரு தாளில் எழுதியும் கொடுக்கலாம். தேவைப்பட்டால், பெற்றோரின் துணையோடு மருத்துவரையோ உளவியல் நிபுணரையோ நாடலாம்.

உடன்பயில்வோருக்கும் இதில் பங்குண்டு. தடுமாறிப் பேசும் நண்பரைப் பார்த்து எழும் ஒரு சிரிப்பு, அவரைப் பல ஆண்டுகள் மௌனமாக்கிவிடக்கூடும். அவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்பதும், சிற்றுண்டிச்சாலையில் அருகில் ஓர் இடம் ஒதுக்கி வைப்பதும் செலவில்லாத உதவிகள்.

பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மாணவிக்கு விடை தெரியும். அவளுடைய அச்சம் அவளது குணமும் அன்று, குற்றமும் அன்று. அது அளக்கக்கூடியது, சிகிச்சையால் குறைக்கக்கூடியது. ஒருநாள் அவள் நடுங்கும் கையை உயர்த்தக்கூடும். அப்போது அவளுக்குத் தேவை அச்சமே இல்லாத உள்ளம் அன்று. அச்சம் இருந்தபோதும் உயரும் கையும், அவள் சொல்வதைக் கேட்க ஆயத்தமாக இருக்கும் ஒரு வகுப்பும்தான்.