பாய்க்குப் பின்னால் ஒரு சங்கம்

2023 செப்டம்பரில் சீனாவின் நிங்போ நகரை ஒட்டிய கடலில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் பாய்மரப் படகுப் பந்தயங்கள் நடந்தன. ஐ.எல்.சி.ஏ. 4 என்னும் சிறு படகில் இந்தியாவுக்காக இறங்கியவர் 17 வயது நேஹா தாக்கூர். மத்தியப் பிரதேசத்து விவசாயி ஒருவரின் மகள். கடற்கரையே இல்லாத மாநிலத்தில், போபால் ஏரியில் பாய் பிடிக்கப் பழகியவர். பதினோரு பந்தயங்களில் அவர் சேர்த்த புள்ளிகள் 32. முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இருந்ததோ 27. அந்த 27 அவருக்கு வெள்ளிப் பதக்கம் வாங்கித் தந்தது.

மீதி 5 புள்ளி எங்கே போயிற்று? பாய்மரப் பந்தயத்தில் முதலில் வருபவருக்கு 1 புள்ளி, இரண்டாவதாக வருபவருக்கு 2. கடைசியில் யாருக்குக் குறைவாக இருக்கிறதோ அவரே வென்றவர். காற்று எல்லாருக்கும் ஒரே அளவாக வீசாது. வலப்பக்கம் போனவருக்குக் காற்று கிடைக்கும். இடப்பக்கம் போனவர் பாய் தொங்க நிற்பார். அந்தத் துரதிர்ஷ்டத்துக்கு இடம் விட்டு, ஒவ்வொருவருக்கும் மிக மோசமாக அமைந்த ஒரு பந்தயத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். நேஹாவுக்கு அப்படிக் கழிந்தது ஓர் ஐந்தாமிடம்.

இந்தக் கணக்கையெல்லாம் பிள்ளைகள் ஒலிம்பிக்கில் போய்க் கற்றுக்கொள்வதில்லை. ஏரிக்கரையிலும் துறைமுகத்து மூலையிலும் நடக்கும் சிறு போட்டிகளில் கற்கிறார்கள். அந்தப் போட்டிகளின் முதுகெலும்பு ‘கிளாஸ் அசோசியேஷன்’ எனப்படும் வகுப்புச் சங்கம். பதக்கம் வாங்கியவரின் படம் நாளிதழில் வரும். சங்கத்துக்காரரின் படம் வந்து யாரும் பார்த்ததில்லை.

‘வகுப்பு’ என்றால் ஒரே அச்சில் வார்த்த படகுகளின் குடும்பம். கார்ப் பந்தயத்தில் எஞ்சின் கெட்டிக்காரத்தனமும் சேர்ந்து ஜெயிக்கும். இங்கே அதற்கு இடமில்லை. ஐ.எல்.சி.ஏ. படகின் நீளம் 4.2 மீட்டர், வெற்றுக் கூட்டின் எடை ஏறத்தாழ 59 கிலோ. ஓட்டுபவர் ஒருவர், பாய் ஒன்று. பாய்மரத்தை இழுத்துக் கட்டும் கம்பிகள் கிடையாது. சட்டைக் கைக்குள் கை நுழைவது போல, பாயின் ஓரத்தில் தைத்த உறைக்குள் மரம் நுழைந்துவிடும்; அதை அப்படியே தூக்கிப் படகின் குழியில் நிறுத்தினால் தீர்ந்தது. அந்த மரமும் இரண்டு துண்டு. கீழ்த்துண்டையும் பாயையும் மாற்றினால் அதே கூடு மூன்று படகாகிறது. 4.7 சதுர மீட்டர் பாய் கட்டினால் ஐ.எல்.சி.ஏ. 4, 5.76 என்றால் 6, 7.06 என்றால் 7. பிள்ளை வளர வளரப் பாயை மாற்றினால் போதும், படகு அப்படியே இருக்கும். பெற்றோரின் பணப்பையை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய வசதி என்று புரியும்.

இந்தப் படகு பிறந்தது ஒரு தொலைபேசி உரையாடலில். 1969இல் கனடாவின் இயன் புரூஸ், வடிவமைப்பாளர் புரூஸ் கிர்பியை அழைத்து, காரின் கூரைமேல் கட்டி எடுத்துச் செல்லும்படி ஒரு படகு வேண்டும் என்றார். பேசிக்கொண்டே கிர்பி கையிலிருந்த தாளில் கிறுக்கிய கோடுகள்தான் படகாயின. 1971இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அது ‘லேசர்’ என்ற பெயரில் அறிமுகமானது. 1974இல் பெர்முடாவில் முதல் உலகப் போட்டி, 1996இல் ஒலிம்பிக். இதுவரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கூடுகள் வெளிவந்துள்ளன.

அச்சு ஒன்றாக இருந்தால் படகுகளும் ஒன்றாகத்தானே இருக்கும், சங்கம் எதற்கு? அதற்கு 2019இல் விடை கிடைத்தது. முக்கியமான தயாரிப்பாளர் ஒருவருடன் பன்னாட்டு வகுப்புச் சங்கத்துக்குத் தகராறு மூண்டது. தொழிற்சாலைக்குள் வந்து சோதிக்க அனுமதி இல்லை என்பது சங்கத்தின் புகார். ஒப்பந்தம் முறிந்தது. ‘லேசர்’ என்ற வணிகப் பெயர் சங்கத்தின் கையில் இல்லாததால், படகின் பெயரே போயிற்று. சங்கம் தன் பெயரின் முதலெழுத்துகளான ஐ.எல்.சி.ஏ. என்பதையே படகுக்குச் சூட்டி, வேறு தயாரிப்பாளர்களுக்கு உரிமம் கொடுத்தது. அரை நூற்றாண்டுப் பெயர் போன பிறகும் போட்டிகள் நிற்கவில்லை, பழைய படகுகளும் வீணாகவில்லை. இவை ஒரே வகைப் படகுகள் என்று சொல்லும் அதிகாரம் அச்சில் இருந்ததே இல்லை; அது உறுப்பினர்களின் உடன்பாட்டில் இருந்தது.

அந்த உடன்பாட்டின் எழுத்து வடிவம் விதிப்புத்தகம். அதன் அடிப்படை எளிது: வெளிப்படையாக அனுமதிக்காத எந்த மாற்றமும் தடை. கூட்டின் வடிவத்தைத் தேய்த்துச் சீராக்கக் கூடாது. வேறு கடையில் தைத்த பாய் மலிவாக இருந்தாலும் பந்தயத்தில் கட்டக் கூடாது. விதியை மாற்ற வேண்டுமானால் நிர்வாகிகள் மட்டும் கூடி முடிவெடுக்க முடியாது. உறுப்பினர்களிடம் வாக்கெடுத்து, வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். பாய்மர விளையாட்டின் பன்னாட்டுத் தலைமை அமைப்பும் ஒப்ப வேண்டும். இவ்வளவு இறுக்கம் தேவையா என்று சிலர் கேட்பதுண்டு. தேவைதான். ஒரு சிறு விலக்கு கொடுத்தால், அடுத்த ஆண்டு பணமுள்ளவர் படகு மட்டும் வேகமாக ஓடும்.

உலகச் சங்கத்துக்குக் கீழே கண்டங்களின் அளவில் மண்டலங்கள், அவற்றின் கீழே நாடுகள், கடைசியில் ஊர்க் குழுக்கள். அடிமட்டத்துக்கு வர வர வேலை கூடும், ஆள் குறையும். தலைவர், செயலாளர், பொருளாளர், அளவைக்காரர் என்று நாலைந்து பேர்தான் இருப்பார்கள். பெரும்பாலும் யாருக்கும் சம்பளம் இல்லை.

செயலாளரின் முதல் தலைவலி நாட்காட்டி. மார்ச்சில் பள்ளித் தேர்வு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவமழை. ஜூலை வாக்கில் ஹைதராபாத் ஹுசைன் சாகரில், ராணுவத்தின் இ.எம்.இ. பாய்மரச் சங்கம் முன்னின்று நடத்தும் ஹைதராபாத் பாய்மர வாரம். ஏரி நடுவே எழுந்து நிற்கும் புத்தர் சிலையைச் சுற்றி நாட்டின் பல பகுதிப் படகுகள் கூடும். இவற்றுக்கு நடுவே தன் பகுதிப் போட்டிக்குத் தேதி கண்டுபிடிக்க வேண்டும். சென்னையில் இன்னொரு கட்டும் உண்டு. 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருப்பது துறைமுகத்தின் உள்ளே. சரக்குக் கப்பல் போகும் நீர்ப்பரப்பில் பிள்ளைகள் பாய் விரிக்கிறார்கள் என்றால், ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் எத்தனை அனுமதி, எத்தனை கடிதம் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

போட்டி நாள் விடிந்ததும் அளவைக்காரர் வேலை தொடங்கும். கூட்டில் ஒட்டிய வில்லையில் உள்ள எண்ணும் பாயில் உள்ள எண்ணும் பொருந்துகின்றனவா, பாய் உரிமம் பெற்றதா, கயிறு கட்டிய விதம் விதிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார். உயிர்காப்புச் சட்டை இல்லாதவர் தண்ணீரில் இறங்க முடியாது. பிறகு ஒரு படகு காற்றின் திசை பார்த்து மிதவைகளைப் போட்டு வரும். முதல் மிதவை காற்று வரும் பக்கத்தில் இருக்க வேண்டும். பாய்மரப் படகு காற்றுக்கு நேரெதிராகப் போகாது. இப்படியும் அப்படியுமாகக் குறுக்கே வெட்டித்தான் ஏறும். திறமை வெளிப்படுவது அந்த ஏற்றத்தில். மிதவை போட்டு முடித்ததும் காற்று திரும்பிவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி நடுவார்கள். வெயிலில் இதை மூன்று முறை செய்தவர்களுக்கு யாராவது மோர் கொடுத்தால் புண்ணியம்.

புறப்பாடு இன்னும் சுவாரசியம். ஓடுகளத்தில் நிற்பது போல இங்கே யாரும் கோட்டில் அசையாமல் நிற்க முடியாது. ஐந்து நிமிடத்துக்கு முன் வகுப்புக் கொடி ஏறும்; நான்காவது நிமிடத்தில் இன்னொரு கொடி; ஒரு நிமிடம் இருக்கையில் அது இறங்கும்; பூஜ்ஜியத்தில் வகுப்புக் கொடியும் இறங்கிவிடும். அந்தக் கணத்தில் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால், முழு வேகத்தில் இருப்பதுதான் கலை. எல்லாரும் முண்டியடித்து முன்னால் வந்துவிட்டால் புறப்பாடு செல்லாது. திரும்பத் திரும்ப அப்படி நடந்தால் கறுப்புக் கொடி ஏறும்; கடைசி நிமிடத்தில் கோட்டைத் தாண்டியவருக்கு விசாரணையே இல்லாமல் அந்தப் பந்தயம் போய்விடும்.

நீரில் இருக்கும் நடுவர்கள் கையில் மஞ்சள் கொடி. காற்று குறைந்த நேரத்தில் உடலை ஆட்டியோ பாயை விசிறி போல அடித்தோ படகை உந்துபவரைப் பார்த்துக் கொடி காட்டுவார்கள். முதல் முறை என்றால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பந்தயத்தைத் தொடரலாம். மோதலோ வழி மறிப்போ நேர்ந்தால், பாதிக்கப்பட்டவர் ‘புரோட்டஸ்ட்’ என்று கத்த வேண்டும். கரையேறிய பிறகு எழுத்தில் கொடுக்க வேண்டும். சாயங்காலம் மேசைமேல் பொம்மைப் படகுகளை நகர்த்தி நகர்த்தி இருவரும் தம் தரப்பைச் சொல்வார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, விதி எண்ணைச் சொல்லி நடுவர் குழு முன் வாதாடும் காட்சி இந்த விளையாட்டின் பெரிய பயன்களில் ஒன்று. வெளியில் தெரியாத பயனும் அதுதான்.

சங்கத்தின் இன்னொரு வேலையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை: பழைய படகுகளைக் கைமாற்றி விடுவது. தேசிய அணிக்கு ஓட்டுபவருக்குக் கூடு விறைப்பாக இருக்க வேண்டும். சில ஆண்டுகளில் இழைக்கூடு தளர்ந்துவிடும். அவர் விற்கும் படகு, தொடங்குபவருக்குத் தாராளமாகப் போதும். யாரிடம் எந்த எண் படகு இருக்கிறது, அடிப்பக்கம் எங்கே ஒட்டுப் போட்டது என்று அறிந்தவர் செயலாளர். அவர் வாயால் சொல்லி நடக்கும் இந்தச் சந்தை நின்றுபோனால், புதுப்படகு வாங்க வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

ஆசிய மண்டலத்துக்குத் தனிச் சிக்கல் தூரம். ஐரோப்பாவில் படகைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு நாடு விட்டு நாடு போகலாம். ஆசிய மண்டலமோ ஓமானிலிருந்து ஜப்பான் வரை விரிகிறது. படகைக் கொள்கலனில் கப்பலேற்ற வேண்டும். அல்லது பாயையும் சுக்கானையும் மட்டும் விமானத்தில் கொண்டுபோய் அங்கே கூட்டை வாடகைக்கு எடுக்க வேண்டும். வாடகைப் படகு சரியாக இருக்கும் என்று நம்பிப் போக முடிவதே, படகுகள் எல்லாம் ஒன்று என்ற உடன்பாடு காப்பாற்றப்படுவதால்தான்.

அந்த நம்பிக்கை பலன் தந்தது 2021 ஏப்ரலில். ஓமானின் முசன்னாவில் நடந்த மண்டலத் தகுதிப் போட்டியில் சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தேர்வானார். பாய்மரப் பந்தயத்தில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். வேலூர்க்காரரான விஷ்ணு சரவணனும், சற்றே பெரிய 49er படகை இணைந்து ஓட்டும் கணபதி, வருண் தக்கரும் அதே போட்டியில் தகுதி பெற்றனர். டோக்கியோ சென்ற இந்தியப் பாய்மர அணி இந்த நால்வர்தான். நேத்ரா முதன்முதலில் படகேறியது தமிழ்நாடு பாய்மரச் சங்கத்தின் கோடை முகாமில். பாரிஸுக்கும் அவரும் விஷ்ணுவும் சென்றனர். விஷ்ணுவுக்கு 18ஆம் இடம், நேத்ராவுக்கு 21.

வாடையும் கொண்டலும் பேர் சொல்லி அழைக்கப்படும் கரை நம்முடையது. மீனவக் குப்பத்துப் பிள்ளைக்குக் காற்றைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு பழைய படகும், ஒரு விதிப்புத்தகமும், பேர் பதிய ஒரு சங்கமும் கிடைத்தால் போதும். அந்தச் சங்கங்களுக்குக் கை போதவில்லை. முடிவுப் பட்டியல் போடவும், நேரம் குறிக்கவும், காப்புப் படகில் உட்காரவும் நீந்தத் தெரிந்தவர்கள், கூட்டல் கணக்கில் தவறாதவர்கள் தேவை. பாய் கட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. பக்கத்தில் பாய்மரக் குழு இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்க் கேட்டுப் பாருங்கள்.