அண்ணாந்து பார்த்தது போதும்

கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டுகிறோம், கேக் வெட்டுகிறோம். குருத்தோலை ஞாயிறன்று பிள்ளைகள் கையில் ஓலையோடு தெருவைச் சுற்றி வருகிறார்கள். பெரிய வெள்ளிக்கு மும்மணி ஆராதனை, ஈஸ்டருக்கு இருட்டோடு எழுந்து போகும் பவனி. இயேசு பரமேறிய நாளுக்கு மட்டும் பலகாரமும் இல்லை, பவனியும் இல்லை. ஈஸ்டரிலிருந்து எண்ணினால் நாற்பதாவது நாள், ஏதோ ஒரு வியாழக்கிழமையில் சத்தமில்லாமல் வந்து போகிறது. ஆலயத்தில் சின்னதாக ஓர் ஆராதனை நடக்கும். முன்வரிசையில் நாலைந்து பாட்டிகள் இருப்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபை இங்கே விண்ணேற்றப் பெருவிழாவை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவைத்துக்கொண்டது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் இந்தோனேசியாவிலும் அன்று அரசு விடுமுறை. நம் ஊரில் சபைக் காலண்டரைப் புரட்டினால்தான் தெரியும்.

மாதமும் சரியில்லை. ஏப்ரல் 30க்கு முன்னால் இந்த நாள் வராது; ஜூன் 3ஐத் தாண்டியும் போகாது. 2025இல் மே 29, 2026இல் மே 14, 2027இல் மே 6. தமிழ்நாட்டில் அது முழுப்பரீட்சை லீவுக் காலம். ஞாயிறு பள்ளியில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். பிள்ளைகள் ஆச்சி ஊருக்குப் போயிருப்பார்கள், இல்லையென்றால் விடுமுறை வேதாகமப் பள்ளியான வி.பி.எஸ்.ஸில் அந்த வருஷப் பாட்டுக்கு ஆக்‌ஷன் பழகிக்கொண்டிருப்பார்கள். ஆகவே இந்தக் கதையைச் சொல்கிற பொறுப்பு கடைசியில் வீட்டின் தலையில் விழுகிறது. வீடும் கைவிட்டால், விசுவாசப் பிரமாணத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும்போது நடுவில் ஓடிப்போகிற ஒரு வரியாகத்தான் பிள்ளைக்கு இது தெரிந்திருக்கும். (கத்தோலிக்க வீடுகள் ஒருவகையில் தப்பித்தன. புதனும் ஞாயிறும் செபமாலையில் மகிமை மறை உண்மைகளைச் சொல்லும்போது இரண்டாவதாக விண்ணேற்றம் வந்துவிடுகிறது.)

வீட்டின் தலையில் விழுவது நல்லதுதான் என்பது என் கட்சி. ஞாயிறு பள்ளி என்கிற ஏற்பாட்டை இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் 1780இல் தொடங்கினார். அதுவும் வாரமெல்லாம் வேலைக்குப் போகிற ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க. அதற்கு முன் 1700 வருஷம் பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்? தீமோத்தேயுவுக்கு விசுவாசம் வந்த வழியைப் பவுல் குறிப்பிடும்போது இரண்டு பெண்களின் பேரைத்தான் எழுதுகிறார்: பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள். மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது இது என்று ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பிட்டார். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு அந்தப் புத்தகத்தைத் தமிழாக்கினார். அவரே தமிழ் எழுத்தைக் கற்றது திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித்தான்.

பிள்ளையிடம் போகுமுன் பெரியவர்கள் அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தின் முதல் பதினொரு வசனத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துவிட வேண்டும். நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற கதைக்கும் லூக்கா எழுதியிருப்பதற்கும் கொஞ்சம் தூரம் இருக்கிறது. மேலே போவதைப் பற்றி அங்கே அரைகுறையாக ஒரே வசனம்தான். மீதியெல்லாம் பேச்சு. இஸ்ரவேலுக்கு ராஜ்யம் இப்போதே திரும்ப வருமா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். காலமும் வேளையும் உங்கள் கையில் இல்லை என்று பதில் வருகிறது. எருசலேம், யூதேயா, சமாரியா, பூமியின் கடைசி எல்லை என்று போகவேண்டிய ஊர்களின் வரிசை வருகிறது. அதற்கப்புறம்தான் மேகம். உடனே வெள்ளை உடுத்திய இரண்டு பேர் வந்து, வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பானேன் என்று செல்லமாக அதட்டி அனுப்புகிறார்கள்.

பரமேறுதலும் போய்ச் சொல்லுங்கள் என்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. நாம்தான் இரண்டையும் பிரித்து, ஒன்றை மே மாத வியாழக்கிழமையிலும் மற்றதை மிஷனெரி ஞாயிறிலும் போட்டுவிட்டோம். பிரித்ததில் இரண்டும் கெட்டன. பரமேறுதல் பிள்ளைகளுக்கு ஒரு மாயாஜாலக் காட்சியாகிப் போனது. விசுவாசத்தைப் பகிர்வது பெரியவர்களுக்கு ஒரு பிரச்சார வேலையாகிப் போனது.

மாயாஜாலத்துக்குக் காரணம் பாதி நம் கைவேலைகள். காகித டம்ளரின் அடியில் ஓட்டை போட்டு, நூலைக் கோத்து, நூல் நுனியில் இயேசு படத்தை ஒட்டி, டம்ளருக்கு மேலே பஞ்சு. நூலை இழுத்தால் இயேசு பஞ்சுக்குள் போவார். பிள்ளை பத்துத் தடவை இழுக்கும், இறக்கும். மறுநாள் கேட்டால் நூல் மட்டும் ஞாபகமிருக்கும். இந்த ஆசை புதிதல்ல. இடைக்காலத்தில், முக்கியமாக ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில், அன்றைக்கு ஆலயத்துக்குள் மரத்தில் செய்த இயேசு உருவத்தைக் கயிறு கட்டி மேலே இழுத்து, கூரையில் விட்டிருந்த துவாரம் வழியாக மறையவைப்பார்கள். சில பழைய ஆலயங்களில் அந்தத் துவாரம் இன்னும் இருக்கிறது. ஓவியர் டியூரர் 1511இல் வெளியிட்ட மரச்செதுக்குப் படத்தில் மேலே தெரிவது இரண்டு பாதங்களும் அங்கியின் ஓரமும்தான். ஆள் படத்துக்கு வெளியே போய்விட்டார். பிள்ளைகளிடம் அந்தப் படத்தைக் காட்டிப் பாருங்கள், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கீழே நிற்கிற முகங்களைப் பார்க்கச் சொல்ல அதுதான் நேரம்.

சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைப் பள்ளிக்கூட டிவியில் பார்த்த தலைமுறை இது. என் அண்ணன் மகள் குடும்ப ஜெபத்தின் நடுவே கேட்டாள்: “மேல போகப் போகக் காத்தே இருக்காதே அத்தை, இயேசப்பாவுக்கு மூச்சு முட்டலையா?” மதினி கண்ணை மூடியபடியே அவள் தொடையைக் கிள்ளினார்கள். எனக்கோ, இவ்வளவு நல்ல கேள்வியை ஞாயிறு பள்ளியில் ஒருத்தரும் கேட்டதில்லையே என்றிருந்தது.

இதற்குப் பதில் பரமேறுதல் கதையில் கிடைக்காது. அதற்கு முந்தைய மேகங்களில் கிடைக்கும். ஆகவே வரிசையை மாற்றிச் சொல்வது நல்லது. முதல் நாள், வனாந்தரத்தில் ஜனங்களுக்கு முன்னே போன மேகத் தூண். அடுத்த நாள், மோசே ஏறிப்போன சீனாய் மலையை மூடிய மேகம். பிறகு சாலொமோன் கட்டிய ஆலயத்துக்குள் ஆசாரியர்கள் நிற்கவே முடியாதபடி நிரம்பிய மேகம். பிறகு பேதுருவும் யாக்கோபும் யோவானும் பயந்து நடுங்கிய மறுரூப மலையின் மேகம். நாலு மேகக் கதை கேட்ட பிள்ளைக்கு ஐந்தாவதாக ஒலிவமலை மேகம் வரும்போது, அது மழைக்கு வந்த மேகமில்லை, கடவுள் அங்கே இருக்கிறார் என்பதற்கு வேதம் காட்டும் அடையாளம் என்று தானே பிடிபடும். சாலொமோன் அன்று செய்த ஜெபத்தில், வானாதி வானங்களும் கடவுளைக் கொள்ளாது என்று சொல்லிவிட்டார். ராக்கெட் எவ்வளவு உயரம் போனாலும் இதற்கு ஒரு சேதமும் இல்லை.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கஷ்டமானது: ஏன் விட்டுவிட்டுப் போனார்? அப்பா வளைகுடாவில் இருக்கிற வீடுகளில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். எங்கள் அண்ணன் துபாயில் இருக்கிறான். இரவு குடும்ப ஜெபத்துக்குப் போனைச் சொம்பின் மேல் சாய்த்துவைத்து வீடியோ காலில் அவனையும் சேர்த்துக்கொள்வார்கள். போனவர் இல்லாமல் போகவில்லை என்று புரியவைக்க அந்தப் போனையே உதாரணமாக எடுத்தார்கள் மதினி. பிள்ளை யோசித்துவிட்டு, “அப்பாவால அங்கேயிருந்து என் தலைய வாரிவிட முடியாதுல்லா?” என்றாள். உதாரணம் அதோடு சரி. ஆனால் அவள் கை வைத்த இடம் சரியான இடம். உடலோடு இருந்தவரை இயேசு கலிலேயாவில் இருந்தால் எருசலேமில் இல்லை. லாசரு வியாதியாய்க் கிடந்தபோது பெத்தானியாவில் இல்லை. நான் போவதே உங்களுக்கு நல்லது, தேற்றரவாளர் வருவார் என்று அவர் யோவான் சுவிசேஷத்தில் பேசுவது இதைத்தான். துபாயிலும் இங்கே பாளையங்கோட்டையிலும் ஒரே நேரத்தில், போன் இல்லாமல், சிக்னல் இல்லாமல் பக்கத்தில் இருப்பவர் என்று சொன்னபோது அவளுக்கு அது பாதியாவது எட்டியது.

எப்போது திரும்ப வருவார் என்று கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடலாம். சீஷர்களுக்கே கிடைத்த பதில் அதுதானே. நம் கன்வென்ஷன் மேடைகளில் சிலர் இந்தத் தெரியாததை வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள். சாயங்காலம் தூங்கி எழுந்து, வீட்டில் அம்மாவைக் காணோம் என்றதும், இயேசு வந்துவிட்டார், எல்லாரும் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள், நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று அலறியபடி தெருவுக்கு ஓடிய அனுபவத்தை நடுத்தர வயதுக் கிறிஸ்தவர்கள் பலர் இன்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அம்மா பின்வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்திருப்பாள். அன்றைக்கு அது சிரிப்பாக இல்லை. லூக்கா சுவிசேஷத்தின் முடிவில் சீஷர்கள் மிகுந்த சந்தோஷத்தோடு எருசலேமுக்குத் திரும்பினார்கள் என்று எழுதியிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை விட்டுவிட்டுப் பயத்தை மட்டும் பிள்ளைக்குக் கொடுப்பது அநியாயம்.

இனி, போய்ச் சொல்லுங்கள் என்கிற பகுதி. இதில் தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு 480 வருஷத்துக்கும் மேலான அனுபவம் இருக்கிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஜெபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் தமிழில் பெயர்க்கவைத்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். படித்ததை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லுங்கள் என்று அனுப்பினார். கடலோரக் கிராமங்களில் பெரியவர்களுக்கு வேதம் சொன்ன உபதேசியார்களில் அந்தப் பிள்ளைகளும் உண்டு. இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் அவருடைய கடிதங்களில் இருக்கும் மற்ற பகுதியை விட்டுவிடுவார்கள். அதே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஊர்ச் சிலைகளை உடைக்கவும் மிதிக்கவும் துப்பவும் வைத்ததை அவரே சந்தோஷமாக எழுதியிருக்கிறார். முதலாவது நமக்கு வேண்டும். இரண்டாவதை எவ்வளவு பெரிய புனிதர் செய்திருந்தாலும் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம். கேட்கிறவர்களுக்குச் சாந்தமாக, மரியாதையாகப் பதில் சொல்லுங்கள் என்று பேதுரு எழுதியது எல்லாருக்கும் பொதுவானதுதான், ஏழு வயதுக்கும் சேர்த்து.

பிள்ளைகள் தாங்களாகவே பகிரும்போது அது நாம் நினைக்கிற மாதிரி இருப்பதில்லை. அண்ணன் மகளின் சிநேகிதி மேலப்பாளையத்திலிருந்து வருகிறவள். நம்ம ஆள் பள்ளியில் போய் மேகக் கதையை அளந்திருக்கிறாள். சிநேகிதி அசரவில்லை: “எங்க மதரசாவுலயும் சொல்லிருக்காங்க. ஈஸா நபிய அல்லா தன்கிட்ட உயர்த்திக்கிட்டான்.” வீட்டுக்கு வந்ததும், “அத்தை, அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு!” என்று ஏமாற்றத்தோடு சொன்னாள். உண்மைதான், குர்ஆன் அப்படிச் சொல்கிறது. சிலுவையில்தான் வழி பிரிகிறது. அவர் சிலுவையில் மரிக்கவில்லை என்பது அவர்கள் நம்பிக்கை, மரித்து உயிர்த்தார் என்பது நம்முடையது. வித்தியாசத்தை மழுப்ப வேண்டியதில்லை, அதற்காகச் சிநேகிதியோடு சண்டைக்கும் போக வேண்டியதில்லை. ஒலிவமலையில் இயேசு பரமேறியதாகச் சொல்லப்படும் இடத்தில் சிலுவைப்போர் காலத்தில் எழுப்பிய எண்கோணச் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரு பாறைத் துண்டு, அதில் அவர் காலடித் தடம் என்கிறார்கள். 1187இல் சலாகுதீன் எருசலேமைப் பிடித்த பிறகு அது முஸ்லிம்களின் கைக்குப் போனது, இன்றும் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. பரமேறுதல் நாளன்று கிறிஸ்தவர்கள் அங்கே வந்து ஆராதிக்கிறார்கள். இதைச் சொன்னதும் மறுநாள் பள்ளியில் இரண்டு பேருக்கும் பேச விஷயம் கிடைத்துவிட்டது.

அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் எடுத்துச்சொல்லவும் உரிமை தருகிறது. பெரியவர்கள் அதை வைத்து வாதாடட்டும். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளை ஆதாயம் செய்யவேண்டிய ஆத்துமாவாகப் பார்க்கும் பாரத்தை மட்டும் பிள்ளை தலையில் ஏற்ற வேண்டாம். அவளுக்குக் காய்ச்சல் என்றால் நோட்டை எழுதிக்கொடுக்கிறாளா என்று பாருங்கள், போதும். லூக்கா தரும் ஊர் வரிசையில் எருசலேமுக்கும் பூமியின் கடைசிக்கும் நடுவே சமாரியா இருக்கிறது. யூதர்கள் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளாத ஊர் அது. இன்னொன்று, மத்தேயு சொல்லும் கலிலேயா மலைக் காட்சியில் அவரைப் பணிந்துகொண்டவர்களிலேயே சிலர் சந்தேகப்பட்டார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் அனுப்பினார். கேள்வி கேட்கிற பிள்ளையைக் கிள்ளும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஒலிவமலையிலிருந்து இறங்கியவர்கள் உடனே ஊர் ஊராக ஓடவுமில்லை. ஒரு வீட்டு மேல்மாடிக்குப் போனார்கள். பெண்கள், இயேசுவின் தாய் மரியாள், அவருடைய சகோதரர்கள் என்று எல்லாரும் கூடி, பெந்தெகொஸ்தே வரை ஜெபித்தபடி காத்திருந்தார்கள். கத்தோலிக்கரின் நவநாள் வழக்கத்துக்கு இதையே மூலமாகச் சொல்வார்கள். கேன்டர்பரி, யார்க் பேராயர்கள் 2016இல் தொடங்கிவைத்த ஜெப இயக்கம் ஒன்றும் இதே நாட்களுக்கானதுதான்: ஐந்து பேரின் பெயரை எழுதிவைத்து, பெந்தெகொஸ்தே வரை தினமும் அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும். வீட்டில் செய்ய இதைவிடச் சுலபமான வேலை கிடையாது. ஒரு துண்டுத்தாளும் பென்சிலும் போதும்.

அண்ணன் மகள் எழுதிய ஐந்து பேர்: மேலப்பாளையத்துச் சிநேகிதி, முழங்கால் வலியில் கிடக்கும் அவளுடைய நன்னி, ஸ்கூல் ஆட்டோ மாமா, துபாய் ரூமில் அப்பாவோடு தங்கியிருக்கிற பங்களாதேஷ் மாமா, கணக்கு டீச்சர். கடைசிப் பெயர் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. டீச்சருக்காக என்ன ஜெபம் என்று கேட்டேன்.

“அவங்களுக்கு வேற ஸ்கூல்ல நல்ல சம்பளத்துல வேலை கிடைக்கணும்.”