வீட்டில் செய்யும் கிட்டார் ஆம்ப்: ஷாக்கும் சட்டமும்

மின் கிட்டாருக்கான சிறிய ஆம்ப்ளிஃபையரைச் சில நூறு ரூபாய்ச் சாமான்களில் வீட்டிலேயே செய்துவிடலாம். எல்எம்386 என்ற எட்டுக்கால் ஐசி, நான்கைந்து கெப்பாசிட்டர், ஒரு வால்யூம் கண்ட்ரோல், 8 ஓம் ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி போதும். இந்த ஐசியின் 1ஆம், 8ஆம் கால்களைச் சும்மா விட்டால் 20 மடங்கு பெருக்கம். இடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் 200 மடங்கு. ஸ்பீக்கருக்குக் கிடைப்பது அரை வாட்டுக்கு முன்பின்தான், ஆனால் ஓர் அறைக்குள் பழக அது தாராளம். கிட்டார் பிக்கப்புக்கு ஒரு மெகா ஓம் அளவில் உள்ளீடு வேண்டும். ஐசியின் உள்ளீடோ 50 கிலோ ஓம்தான். முன்னால் ஓர் எஃப்இடி டிரான்சிஸ்டர் வைக்காவிட்டால் ஒலி மந்தமாகிவிடும். பேட்டரியில் ஓடும்வரை இதில் ஷாக்குக்கு இடமில்லை.

சத்தம் போதவில்லை என்று டிடிஏ2030 போர்டுக்கு மாறி, சுவர் பிளக்கில் கரண்ட் எடுக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். கிட்டார் வாசிப்பவர் அந்தச் சுற்றுக்கு வெளியே நிற்பதில்லை. ஹம் குறைவதற்காக கிட்டார் கம்பிகளை பிரிட்ஜ் வழியே ஜாக்கின் கிரவுண்டோடு இணைத்திருப்பார்கள். அங்கிருந்து கேபிள் நேரே ஆம்ப்பின் கிரவுண்டுக்குப் போகிறது. பெட்டிக்குள் ஃபேஸ் வயரின் உறை தேய்ந்து கிரவுண்டைத் தொட்டால், கம்பியை அழுத்தும் விரல்களுக்கே 230 வோல்ட் வந்து சேரும். தசை இறுகிப் பிடித்துக்கொண்டால் கிட்டாரை விட முடியாது. 1976இல் ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் தன் வீட்டில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். 1972இல் வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி உயிரிழந்தது எர்த் இல்லாத மைக்கைத் தொட்டதால். கோயில் திருவிழாவில் மைக் செட் ஜெனரேட்டரிலும் கிட்டார் ஆம்ப் பக்கத்து வீட்டுப் பிளக்கிலும் ஓடினால் இதே ஆபத்து இங்கும் உண்டு: விரல் கம்பியில், உதடு மைக்கில்.

பழைய வால்வு ரேடியோவை ஆம்ப்பாக மாற்றும் ஆசை எல்லாவற்றிலும் மோசமானது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி ரகங்களில் சேசிஸே மெயின்ஸோடு நேரடித் தொடர்பில் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றின் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர் தொடக்கூடாத வேலை அது.

பவர் சப்ளையைச் சொந்தமாகச் செய்பவர்கள் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவது வழக்கம். 12 வோல்ட் ஏசியை டிசியாக்கினால் ஏறக்குறைய 17 வோல்ட் வரும். லைன் வோல்டேஜ் ஏறினால் இன்னும் கூடும். 16 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டால் உப்பி வெடிக்கும், ஆகவே 25 வோல்ட் வேண்டும். இரும்புப் பெட்டியானால் மூன்று கோர் வயரின் பச்சை-மஞ்சள் கம்பியைப் பெட்டியோடு போல்ட் வைத்து முறுக்க வேண்டும். ஹம் வருகிறது என்று எர்த் கம்பியைக் கழற்றிவிடச் சொல்லும் யோசனை பலரிடமிருந்து வரும். ஹம் போகலாம், ஆளும் போகலாம். ஃபியூஸை நம்பவும் முடியாது. அரை ஆம்பியர் ஃபியூஸ் 500 மில்லி ஆம்பியருக்கு மேல்தான் எரியும். உயிரைப் பறிக்க அதில் சிறு பங்கே போதும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதா, எர்த் சரியாக உள்ளதா என்பதை லைசென்ஸ் பெற்ற வயர்மேனைக் கொண்டு பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு ரெடிமேட் 12 வோல்ட் அடாப்டர் உண்டு. ஆடியோ, வீடியோ கருவிகளுக்கான அடாப்டர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு கட்டாயம். மேலே பொறித்திருக்கும் ‘ஆர்’ எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். ஆம்ப்ளிஃபையர்களைப் பொறுத்தவரை இந்தக் கட்டாயப் பதிவுக்கான 2012ஆம் ஆண்டு ஆணையின் பட்டியலில் வந்தவை 2000 வாட்டும் அதற்கு மேலும் உள்ளீடு உள்ளவை மட்டுமே. சின்ன போர்டுகளின் தரத்தை வாங்குபவர்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் தருவது 24 வாட். அதில் ஓடும் போர்டு தொடர்ந்து ‘100 வாட்’ தர வழியே இல்லை. ‘பிஎம்பிஓ’ (கணநேர உச்ச வெளியீடு) என்று அச்சடித்த ஆயிரக்கணக்கான வாட்டும் இதே ரகம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இத்தகைய பொய்க் கணக்கைத் தவறான விளம்பரமாகப் பார்க்கிறது. குறையுள்ள பொருளால் காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் தயாரித்தவர், விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்கும் போடலாம். ஆனால் பாதிப்பு நேர்ந்தபோது பொருள் மாற்றியமைக்கப்பட்டோ தவறாகப் பயன்படுத்தப்பட்டோ இருந்தால் விற்பவர் மீது வழக்குப் போட முடியாது என்கிறது 87ஆம் பிரிவு. அடாப்டரின் உறையைப் பிரித்து வயரை மாற்றியவர் பாதுகாப்போடு உரிமையையும் சேர்த்து இழக்கிறார். இன்னொரு பக்கமும் உண்டு: தான் செய்த ஆம்ப்பை நண்பருக்கு விலைக்குக் கொடுத்தால், செய்தவரே தயாரிப்பாளர் ஆகிவிடுகிறார்.

ஆன்லைனில் வாங்கியது பழுதானால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். அவர் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. அடுத்தது 1915 என்ற தேசிய உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருப்பவர் சேலத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை, கெடு இரண்டு ஆண்டு. பில், பேக்கிங், ‘ஆர்’ எண் தெரியும் படம் ஆகியவை இல்லாத புகார் நிற்பது கடினம். பெண்களும் சிறாரும் பட்டியல் சாதியினரும் வருமானம் குறைந்தோரும் 15100ஐ அழைத்து இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

ஆம்ப் நன்றாக வேலை செய்வதாலும் ஒரு புகார் வரும், அது அக்கம்பக்கத்தாரிடமிருந்து. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல் வரம்பு. சொந்த வீட்டில் வைத்த ஒலிக்கருவியானால் எல்லைச் சுவரருகே இதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவித்தால் வரம்பு 50, 40 என்று இறங்கும். நீதிமன்ற வளாகம் உள்ள அஸ்தம்பட்டிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரவில் பழகுபவர்களுக்கு ஸ்பீக்கர் வயரில் ஹெட்போன் ஜாக் ஒன்றைச் சேர்ப்பது சில ரூபாய் வேலைதான். ஹெட்போன் வழியே காதுக்கு அதிக ஒலி போகாதபடி நடுவே ஒரு ரெசிஸ்டர் வைக்க வேண்டும்.