விடிலியும் டார்கெட் கோப்புறையும்

வேம்பாரிலிருந்து ஒரு பொறியியல் மாணவர் எழுதியிருக்கிறார். ஜாவா நிரலை மேவன் கொண்டு சோதிக்கிறாராம். “நேற்றைய பதிவைக் காணோம். ஹோம் கோப்புறையில் ‘ஜாவா0’, ‘ஜாவா1’ என்று குப்பை. யார் போடுகிறார்கள்?”

நீங்கள்தான், தம்பி. ஜாவாவோடு வரும் ‘லாகிங் ப்ராப்பர்ட்டீஸ்’ கோப்பில், பதிவைக் கோப்பாக எழுதும் ஃபைல்ஹேண்ட்லருக்கு எழுதியிருக்கும் முகவரி ‘%ஹெச்/ஜாவா%யு.லாக்’. அதை அப்படியே விட்டிருப்பீர்கள். ஹெச் என்பது பயனரின் ஹோம்.

யு-வில்தான் வேடிக்கை. பதிவுக் கோப்பைத் திறக்கும்போதே பக்கத்தில் ‘எல்சிகே’ என்று முடியும் பூட்டுக் கோப்பும் உருவாகும். அதே பெயர் கேட்டு இன்னொரு ஜாவா வந்தால், பூட்டைப் பார்த்து அடுத்த எண்ணுக்கு நகர்ந்துவிடும். 100 பூட்டு வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கைவிரிக்கும். மேவனில் சோதனைகளை ஓட்டும் ஷுர்ஃபயரில் ஃபோர்க்கவுன்ட் 2 என்று வைத்தால் இரண்டு ஜாவாக்கள் ஓடும். எது முந்துகிறதோ அதற்கு 0. ஆகவே நேற்று 0-வில் எழுதிய சோதனை இன்று 1-இல் இருக்கலாம். போதாக்குறைக்கு, தொடர்ந்து எழுதச் சொல்லாவிட்டால் பழையதை அழித்துவிட்டே எழுதும்.

எங்கள் ஆச்சி பனங்காட்டில் விடிலி என்ற ஓலைக் குடிசை போட்டுத்தான் கருப்பட்டி காய்ச்சுவாள். சாம்பல், ஓலை, உடைந்த சிரட்டை எல்லாம் அங்கேயே கிடக்கும். பருவம் முடிந்ததும் விடிலியைப் பிரித்துவிடுவார்கள். வீட்டு முற்றத்தில் ஒரு துளி கரி இராது. மேவனின் விடிலி ‘டார்கெட்’ கோப்புறை. ‘கிளீன்’ என்றால் பிரித்துவிடும். ஷுர்ஃபயர் தன் அறிக்கைகளை அங்கேதான் வைக்கிறது.

சோதனைக்கென்று தனி ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு எழுதி, ‘டார்கெட்/சோதனை%யு.லாக்’ என்று முகவரி கொடுங்கள். அந்தக் கோப்பு இருக்குமிடத்தை ‘ஜாவா.யுடில்.லாகிங்.கான்ஃபிக்.ஃபைல்’ என்ற பண்பில் வைத்து, ஷுர்ஃபயரின் ஆர்க்லைன் வழியே ஜாவா கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். கிளம்பியபின் சொன்னால் பிந்திவிடலாம். ‘டார்கெட்’டுக்குள் இன்னொரு கோப்புறை வேண்டுமென்றால் முன்பே உருவாக்கி வையுங்கள். ஃபைல்ஹேண்ட்லர் கோப்பை உண்டாக்குமே தவிர, கோப்புறையை உண்டாக்காது.

இதெல்லாம் சில்லறை வேலை என்று தள்ளிவிடுகிறோம். பலர் பகிரும் சர்வரில் இடம் நிரம்பி எல்லோர் சோதனையும் நிற்கும் இரவில்தான், குப்பை யாருடையது என்று தேடுகிறோம்.

ஒன்று மட்டும். சோதனை தோற்ற நாளில், ‘கிளீன்’ சொல்வதற்கு முன் பதிவை வெளியே எடுத்து வையுங்கள். விடிலியைப் பிரிக்கும் முன் ஆச்சி கருப்பட்டியை வண்டியில் ஏற்றிவிடுவாள்.