நோன்பு: ஒரு சொல்லும் பல சமயங்களும்

சமயங்களுக்கிடையேயான பொதுமையைக் கோட்பாடுகளில் தேடுவதே பெருவழக்கு. அன்றாடச் சொற்களிலும் அதனைக் காணலாம். ‘நோன்பு’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

‘நோல்’ என்னும் வினையடியிற் பிறந்த இச்சொல்லின் அடிப்படைப் பொருள் பொறுத்தல் என்பதாம். உண்ணாமை அதன் ஒரு கூறேயன்றி முழுப்பொருள் அன்று. மார்கழிப் பாவை நோன்பில் நெய், பால் முதலிய உணவுகளும் மை, மலர் முதலிய ஒப்பனைகளும் விலக்கப்படுகின்றன. ரமலான் நோன்பில் வைகறை முதல் கதிரவன் மறையும்வரை உணவோடு நீரும் விலக்கப்படுகிறது. கத்தோலிக்கர் திருநீற்றுப் புதனன்று ஒருவேளை மட்டும் முழு உணவு கொள்வர். விலக்கப்படும் பொருளும் கால அளவும் வேறுபடினும், உறுதிபூண்டு தன்னை அடக்குதல் மூன்றிற்கும் பொது. அரபுச் சொல்லாகிய ‘ஸவ்ம்’ என்பதற்கு ஈடாகத் தமிழ் முஸ்லிம்களிடையே ‘நோன்பு’ வழங்குவதற்கு இப்பொதுக்கூறே இடந்தந்தது எனலாம்.

விவிலியத் தமிழில் இருவேறு தெரிவுகள் உள்ளன. பவர் குழுவினரின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு ‘உபவாசம்’ என்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘நோன்பு’ என்றும் ஆள்கின்றன. முன்னது வழக்கில் உண்ணாமையையே முன்னிறுத்துகிறது. பின்னது வாசகரைப் பிற சமயத்தாரின் வழக்கோடும் இணைக்கிறது.

எனினும், பொதுச்சொல் வேறுபாட்டை மறைத்தலும் கூடும். ‘நோன்பிருந்தார்’ என்பதனைப் பிறமொழியில் ‘உண்ணவில்லை’ எனப் பெயர்த்தால், நீரும் அருந்தாதவர் நோன்பும் ஒருவேளை உண்டவர் நோன்பும் ஒருங்கே பிழைபடும். எது, எதுவரை விலக்கப்பட்டது என்பதனைச் சூழலால் தெளிந்த பின்னரே மொழிபெயர்ப்பாளர் சொல்லைத் தெரிதல் வேண்டும்.